மடிப்புடைக் காவலர்

ஏதென்ஸ் மாநகரின் நடுவே ‘சிந்தக்மா’ என்னும் சதுக்கம் ஒன்று உளது. சிந்தக்மா என்ற கிரேக்கச் சொல்லுக்கு அரசியலமைப்பு என்பது பொருள். அச்சதுக்கத்துக்கு மேலாக, சற்று உயர்ந்த நிலத்திலே, கிரேக்கப் பாராளுமன்றம் அமைந்திருக்கின்றது. பாராளுமன்றத்தின் முன்னுள்ள கல்மதிலில், போரிலே பட்டு வீழ்ந்து கிடக்கும் பண்டைக் கிரேக்க வீரன் ஒருவனின் உருவம் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. பெயர் அறியாப் போர்வீரனின் நினைவிடம் அது. இரவென்றும் பகலென்றும் பாராது, மழையென்றும் வெயிலென்றும் எண்ணாது, அதன் இருமருங்கும் இரு காவலர் அசைவற்று நிற்கின்றனர்.

இவர்களைப் புதிதாகக் காண்போர் முதலிற் புன்முறுவல் பூப்பதுண்டு. ஆறடிக்கு மேல் வளர்ந்த இளைஞன் ஒருவன், மகளிர் பாவாடையை ஒத்த மடிப்பு மடிப்பான வெள்ளுடை அணிந்திருக்கின்றான். அவன் தலையிற் செந்நிறத் தொப்பி. அதிலிருந்து தோளளவும் தொங்குகின்றது கரிய பட்டுக் குஞ்சம். காலிலே செந்நிறத் தோற்சப்பாத்து. அதன் மேல்நோக்கி வளைந்த மூக்கிலும் கரிய குஞ்சமொன்று பந்துபோற் குந்தியிருக்கின்றது. கையிலே துவக்கு. இவ்வளவு அலங்காரமும் ஒரு போர்வீரனுக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். நேயர்களே, அக்கேள்விக்கு விடை காண்பதற்கு நாம் கிரேக்க நாட்டின் வரலாற்றிலே நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கும். அவ்வழியிற் பெருமைக்குரிய கட்டங்களும் உள. நாணத்துக்குரிய கட்டமும் உளது.

இக்காவலரை ‘எவ்சோன்’ என அழைப்பர். இது மிகப் பழைய சொல். கச்சையை நன்கு இறுகக் கட்டியவர் என்பது அதன் நேர்ப்பொருள். ஹோமருடைய காவியங்களிலே இச்சொல் பெண்களுக்கு அடையாக வருகின்றது. இடையிற் கச்சை அழகுற அமைந்த நங்கையரை அது குறித்தது. பிற்காலத்தில் அதன் பொருள் மாறிற்று. வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் வழித்தொலைவைக் கூறுமிடத்து, கச்சை கட்டிய ஆடவன் ஒருவனுக்கு இத்தனை நாள் நடை என்று அளந்து கூறுவார். சுமையேதுமின்றி விரைந்து நடக்க வல்லவன் என்பதே அங்கு கருத்து. இதனின்றும், பாரமான கவசமின்றி இலகுவான ஆயுதங்களுடன் மலைமீதும் பள்ளத்திலும் ஓடிப் பொருதும் காலாள் என்ற பொருள் கிளைத்தது. இன்று இவர்கள் கல்லைப்போல நிற்பவர்களாயினும், இவர்களுடைய பெயர் ஓட்டத்திற் பிறந்த பெயராகும்.

பெயர் பழையதெனினும் உடை அத்துணைப் பழையதன்று. ‘புஸ்தனெல்லா’ எனப்படும் அம்மடிப்புடை, பண்டைக் கிரேக்கரின் உடையினின்று நேராக வந்தது என்று கூறுவாருமுளர். பைசாந்தியப் பேரரசின் எல்லைக்காவலரிடமிருந்து வந்தது என்பாருமுளர். வரலாற்றிலே தெளிவாகத் தெரிவது யாதெனில், துருக்கியர் ஆட்சிக்காலத்தில் அல்பேனிய மலைநாட்டவரிடையே இவ்வுடை பெருவழக்காயிருந்தது என்பதும், அங்கிருந்து எப்பிரஸ், ரூமெலி, மொரேயா முதலிய கிரேக்கப் பகுதிகளெங்கும் பரவியது என்பதுமேயாம். ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு 1809ஆம் ஆண்டில் அப்பகுதிகளிற் பயணஞ்செய்தபோது அல்பேனிய உடையின் அழகில் மயங்கி அதனை வாங்கினார். அவ்வுடையில் அவரைத் தீட்டிய ஓவியம் இன்றும் புகழ்பெற்று விளங்குகின்றது. ஆகவே, கிரேக்கரின் தேசிய உடையெனப் போற்றப்படும் இது, அயலவரோடு பகிர்ந்து கொண்ட பொதுச் சொத்தாகவே முதலில் இருந்தது. ஒரு நாட்டினர் தமக்கே உரியதென்று கொண்டாடும் பல பொருள்களின் வரலாறும் இவ்வாறானதே.

இவ்வுடையை அன்று அணிந்தவர் யாவர்? மலைகளிற் கரந்துறைந்து துருக்கிய அதிகாரிகளையும் செல்வரையும் கொள்ளையிட்ட ‘கிளெப்தர்’ என்போரும், அவரை அடக்குவதற்கெனத் துருக்கியராலேயே அமர்த்தப்பட்ட ‘அர்மதொலி’ என்னும் காவற்படையினரும் இதனை அணிந்தனர். கிளெப்தர் என்றாற் கள்வர் என்று பொருள். இன்று கள்வராயிருந்தவர் நாளை காவலராவதும், காவலர் மீண்டும் கள்வராவதும் அக்காலத்தில் வியப்பன்று. கற்பாறைகளிலே ஏறவும் இறங்கவும் கால்களுக்குத் தடையில்லாத உடை அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1821ஆம் ஆண்டில் விடுதலைப் போர் மூண்டபோது, கொலோகொத்ரோனிஸ், கரைஸ்காகிஸ் முதலிய தலைவர்களின் பின்னே அணிதிரண்டவர்கள் பெரும்பாலும் இம்மலைவீரரே. அதனாற் கள்வரின் உடை விடுதலையின் உடையாக மாறிற்று.

போர் முடிந்தது, நாடு பிறந்தது. ஆயினும் அந்நாட்டுக்கு அரசனாக ஐரோப்பிய வல்லரசுகள் தெரிந்தெடுத்தது கிரேக்கன் ஒருவனையன்று. பவேரிய நாட்டு மன்னரின் இளைய மைந்தன் ஒத்தோவை. 1833ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒத்தோ நவ்பிலியோன் துறையிலே வந்திறங்கியபோது அவனுக்கு வயது 17. அவனுடன் ஏறத்தாழ 3500 பவேரியப் போர்வீரர் வந்தனர். புதிய அரசு பழைய மலைவீரரின் படைகளைக் கலைத்தது. ஒழுங்கான படையிற் சேர விரும்புவோர் பவேரிய முறையிலான இறுகிய காற்சட்டையும் மேற்சட்டையும் அணிய வேண்டும் என்றது. எட்டாண்டுகளுக்கு மேலாகப் போர்க்களத்திலே குருதி சிந்தியவர்களுக்கு இது பேரவமதிப்பாகத் தோன்றியது. பலர் மறுத்தனர். அவர்களுட் சிலர் வறுமையில் வாடினர். சிலர் எல்லையைக் கடந்து துருக்கிய நாட்டிற்குள் சென்றனர். சிலர் மீண்டும் கொள்ளைத் தொழிலையே மேற்கொண்டனர். அவர்கள் மறுத்தது வெறும் துணியையன்று. தாம் வென்ற நாட்டிலே தமக்கு இடமில்லை என்று அத்துணி கூறியதையே மறுத்தனர்.

அரசு தன் பிழையை மெல்ல உணர்ந்தது. நாட்டுடை அணியும் இலகு காலாட்படைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. மன்னன் ஒத்தோவும் புஸ்தனெல்லா அணியத் தொடங்கினான். பின்னர்ப் பிரதமராக விளங்கிய கொலெத்திஸ், ஐரோப்பாவிலே மருத்துவம் பயின்றவராயினும் அவைக்கு மடிப்புடையிலேயே வருவார். அரண்மனை விழாக்களில் இது நாகரிகமாயிற்று. விடுதலைப் போர்க்காலத்தில் முழங்காலுக்குக் கீழே தொங்கிய உடை, இக்காலத்திலேதான் முழங்காலுக்கு மேலாகக் குறுகிற்று. எனினும் மன்னன் உடை மாற்றியதனாலேயே மக்களின் மனம் நிறைந்துவிடவில்லை. 1843ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் நாள், படையினரும் நகரத்தாரும் அரண்மனையின் முன் திரண்டு அரசியலமைப்பைக் கோரினர்; மன்னன் இணங்கினான். அவர்கள் திரண்ட இடமே பின்னர் சிந்தக்மா எனப் பெயர் பெற்றது. அன்றைய அரண்மனையே, 1930களின் நடுப்பகுதியிலிருந்து பாராளுமன்றமாக விளங்குகின்றது.

1862ஆம் ஆண்டில் ஒத்தோ அரசிழந்து நாடு நீங்கினான். பவேரியாவிலே பாம்பர்க் நகரில் வாழ்ந்த இறுதி ஆண்டுகளிலும் அவன் கிரேக்க உடையை அணிந்து வந்தான் என்பர். தன்னை வேண்டாமென்று விலக்கிய நாட்டின் உடையைத் தான் விலக்க மாட்டாத ஒரு மன்னனை எண்ணிப் பார்க்குமிடத்து இரக்கம் பிறக்கின்றது. அவன் 1867இல் இறந்தான். அதே ஆண்டின் டிசெம்பர் மாதத்தில், புதிய மன்னர் முதலாம் ஜோர்ஜின் ஆட்சியிலே, வட எல்லையைக் காப்பதற்கென நான்கு எவ்சோன் படையணிகள் நிறுவப்பட்டன. மறு ஆண்டில் அரச காவற்படை அமைக்கப்பட்டது. சிறிது காலத்தில் அதுவும் எவ்சோன் உடையைத் தனதாக்கிக் கொண்டது. நாம் இன்று காணும் காவலரின் வரலாறு இவ்விரு ஆண்டுகளிலிருந்தே தொடங்குகின்றது.

இனி உடையின் உறுப்புக்களைச் சிறிது நோக்குவோம். புஸ்தனெல்லாவுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் வெள்ளைத் துணி வேண்டும். அதில் 400 மடிப்புக்கள் உள. அகன்று விரிந்த கைகளையுடைய வெள்ளைச் சட்டைக்கு மேல் ‘பெர்மெலி’ எனப்படும் மார்புச்சட்டை அணியப்படும். கம்பளித் துணியிலே பொன்னிறப் பின்னல் வேலை செய்த அச்சட்டையே உடையின் உறுப்புக்கள் யாவற்றினும் செய்தற்கரியது. கையினால் ஒன்றைப் பின்னி முடிக்கப் பல மாதங்கள் செல்லும். கால்களிலே வெள்ளைக் கம்பளிக் காலுறை. முழங்காலின் கீழ் அதனை இறுக்கும் கரிய நாடா. இடையிலிருந்து தொங்கும் நீலமும் வெண்மையுமான இழைகள் கிரேக்கக் கொடியின் நிறங்களைக் காட்டுவன. சப்பாத்தைச் ‘சாருகி’ என்பர். அதன் அடியிற் சுமார் 60 ஆணிகள் அறையப்பட்டிருக்கும். சலவைக் கல்லின்மேல் அக்கால் விழும்போது எழும் ஓசை குதிரைக் குளம்பின் ஓசையை நினைவூட்டும். வெள்ளுடை பெருநாள்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உரியது. ஏனைய நாள்களிலே கோடையிற் காக்கி நிறமும் மாரியிற் கருநீல நிறமுமான நீண்ட அங்கியை அணிவர். அவ்வங்கியின் வடிவம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கெதோனியாவிற் போராடிய கிரேக்கப் போராளிகளின் உடையிலிருந்து வந்தது. சில விழாக்களிற் கிரேத்தத் தீவினரின் உடையையும் கருங்கடற் கரையிலிருந்து வந்த பொந்திக் கிரேக்கரின் உடையையும் அணிந்த காவலரையும் காணலாம்.

இவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஒவ்வொரு பொருள் கற்பித்துள்ளனர். 400 மடிப்புக்கள் துருக்கியரின் கீழ் அடிமைப்பட்டிருந்த 400 ஆண்டுகளைக் குறிப்பன என்பர். தொப்பியின் செந்நிறம் சிந்திய குருதி என்றும், குஞ்சம் சிலுவையிலறையுண்ட கிறிஸ்துவின் கண்ணீர் என்றுங் கூறுவர். கணக்கைச் சற்றே சரிபார்ப்போமாயின், கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ந்த 1453ஆம் ஆண்டிலிருந்து போர் தொடங்கிய 1821 வரை 368 ஆண்டுகளே ஆகின்றன. தெசலோனிக்கி நகரமோ 1430இல் வீழ்ந்து 1912இலேயே மீண்டது. அந்நகருக்கு அது 482 ஆண்டு. மலையிலே திரிந்த கிளெப்தன் தன் உடைக்கு மடிப்பிட்டபோது ஆண்டுகளை எண்ணியிருக்கமாட்டான். ஆயினும் இப்பொருளுரைகளைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாகாது. உடை முதலில் வந்தது; பொருள் பின்னர் வந்தது. வந்த பொருளை மனத்திற்கொண்டே இன்று ஓர் இளைஞன் அம்மடிப்புக்களைச் சரிசெய்து கொள்கின்றான். அவ்வகையில் அது உண்மையே.

எவ்சோன்கள் விழாக்காவலராக மட்டும் இருந்தவரல்லர். 1912–13ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த பால்கன் போர்களில் அவர்களே முன்னணியில் நின்றனர். யன்னினா நகரைக் காத்து நின்ற பிசானிக் கோட்டைகளை முற்றுகையிட்டிருந்த காலத்தில், வெலிசாரியு என்னும் தளபதி தன் எவ்சோன் படையணியுடன் பகைவரின் பின்புறத்தே ஊடுருவித் தொலைபேசிக் கம்பிகளை அறுத்தான். கோட்டைக்கும் நகருக்குமிடையே தொடர்பு அற்றது. 1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள் நகர் பணிந்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் வெலிசாரியு பல்கேரியருடன் பொருது மடிந்தான். பின்னர், சின்னாசியாப் போரிற் பிளாஸ்திராஸ் தலைமை தாங்கிய எவ்சோன் படைப்பிரிவைத் துருக்கியர் ‘சாத்தான் படை’ என்றழைத்தனர். பகைவர் சூட்டிய பெயரைப் படையினர் பெருமையுடன் ஏற்றுக் கொண்டனர். ஆயினும் 1922ஆம் ஆண்டில் அப்போர் பெருந்தோல்வியாகவே முடிந்தது. ஆயிரமாயிரம் கிரேக்கர் அகதிகளாகக் கடல் கடந்தனர். இப்போர்களிலே வெள்ளுடை களத்திலில்லை. தூரத்திலிருந்தே குறிபார்த்துச் சுடவல்ல துவக்குக்கள் வந்துவிட்ட காலத்தில் வெண்மை சாவை வரவழைக்கும் நிறமாயிற்று. படைவீரர் காக்கி அணிந்தனர்; வெள்ளுடை அரண்மனை வாயிலிலே தங்கிற்று.

1940ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் நாள் இத்தாலியர் படையெடுத்தபோது எவ்சோன் படைப்பிரிவுகள் மீண்டும் மலையேறின. அல்பேனிய மலைகளின் உறைபனியிலே இத்தாலியரைப் பின்னோக்கித் தள்ளின. ஆனால் மறு ஆண்டின் வசந்த காலத்தில் ஜெர்மானியர் வந்தனர். ஏப்பிரில் 27ஆம் நாள் ஏதென்ஸ் நகர் அவர்கள் கைப்பட்டது. அன்று அக்ரோப்பொலிஸ் குன்றின்மேற் கொடியைக் காத்து நின்ற கூகிடிஸ் என்னும் எவ்சோன், அக்கொடியை இறக்குமாறு பணிக்கப்பட்டபோது, இறக்கி, அதனைத் தன் உடலிற் சுற்றிக்கொண்டு குன்றிலிருந்து குதித்து உயிர்நீத்தான் என்று கிரேக்க மக்கள் கூறுவர். படை ஆவணங்களைத் துருவியோர் அப்பெயரைக் காணவில்லை. எனினும் குன்றின் அடியிலே அவன் நினைவாக ஒரு கல்வெட்டு வைக்கப்பட்டுள்ளது. ஐயத்துக்கிடமின்றி நாம் அறிவது, அடுத்த மாதம் 30ஆம் நாள் இரவு, மனோலிஸ் கிளெசோஸ், அப்பொஸ்தொலோஸ் சாந்தாஸ் என்னும் இரு மாணவர் அதே குன்றிலேறி, அங்கு பறந்த நாசிக் கொடியைக் கழற்றினர் என்பதாகும். அவர்கள் எவ்சோன்களல்லர், அவர்களுக்கு எவ்வகைச் சீருடையும் இருந்ததில்லை.

இங்கேதான், நேயர்களே, நான் முன்னர்க் குறிப்பிட்ட நாணத்துக்குரிய கட்டம் வருகின்றது. 1943ஆம் ஆண்டில், ஜெர்மானியருக்குப் பணிந்து ஆட்சி நடத்திய ராலிஸ் என்பவரின் அரசு, பாதுகாப்புப் படையணிகள் என்ற பெயரிற் சில படைகளை அமைத்தது. விடுதலைக்குப் போராடிய சொந்த நாட்டாரையே வேட்டையாடுவது அவற்றின் வேலையாயிற்று. அப்படையினர் பலருக்கு அளிக்கப்பட்ட உடை எது? அதே வெள்ளை மடிப்புடைதான்! எவ்சோன்களை மக்கள் ‘சொலியாஸ்’ என்றும் அழைப்பதுண்டு. கந்தல் என்னும் பொருள்படும் துருக்கியச் சொல்லிலிருந்து பிறந்து, பின்னர்ச் செல்லப் பெயராகிவிட்ட பெயர் அது. போர்க்காலத்தில் மக்கள் அதனுடன் ஒரு சொல்லைச் சேர்த்து, அப்படையினரை ‘ஜெர்மானிய சொலியாஸ்’ என்றழைத்தனர். அப்பெயர் வசையாகவே நிலைத்தது. பாட்டனார் விடுதலைக்காக அணிந்த உடையைப் பேரன் அடிமைத்தனத்துக்குக் காவலாக அணிந்தான். துணி மாறவில்லை, மடிப்பின் எண்ணிக்கையும் மாறவில்லை.

போரின் பின் எவ்சோன் போர்ப்படைகள் மீண்டும் எழுப்பப்படவில்லை. காவற்படை மட்டும் எஞ்சியது. ஆட்சிகள் மாறுந்தோறும் அதன் பெயரும் மாறி வந்துள்ளது. அரண்மனைக் காவல், கொடிக்காவல், பெயர் அறியாப் போர்வீரனின் காவல், அரச காவல் என்பன அது தாங்கிய பெயர்களிற் சில. 1967 முதல் ஏழாண்டுகள் நாட்டைப் படைத்தலைவர்கள் அடக்கியாண்டனர். அவ்வாட்சி வீழ்ந்தபின், 1974ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நிகழ்ந்த மக்கள் வாக்கெடுப்பு முடியாட்சிக்கு முடிவு கட்டியது. இன்று அதன் பெயர் சனாதிபதிக் காவல் என்பது. மன்னர்களுக்கும் குடியரசுக்கும் சர்வாதிகாரிகளுக்கும் இவ்வுடை காவல் நின்றிருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காவலர் தொழிலாற் படைஞரல்லர். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞரே. உயரம் ஏறத்தாழ 1.87 மீற்றர் இருத்தல் வேண்டும். கடும் பயிற்சியின் பின்னரே வெள்ளுடை அவர்களுக்குக் கிடைக்கும். ஒரு மணிக்கொருமுறை நினைவிடத்தில் ஆள் மாறும். அப்போது அவர்கள் காலை நீட்டி உயர்த்தி, கணப்பொழுது காற்றிலே நிறுத்தி, மெல்ல இறக்கி நடக்கும் நடை புகழ்பெற்றது. அசையாது நின்ற கால்களில் இரத்தவோட்டம் சீர்ப்படுவதற்கே அவ்வளவு மெதுவாக நடக்கின்றனர் என்பர். நிற்கும்போது பேசலாகாது, முகத்தில் மொய்க்கும் ஈயையும் ஓட்டலாகாது. சாதாரணச் சீருடையணிந்த தோழன் ஒருவன் அருகில் நின்று அவர்களுடைய வியர்வையைத் துடைத்து, கலைந்த குஞ்சத்தைச் சீர்செய்து விடுவான். ஞாயிறுதோறும் முற்பகல் 11 மணிக்குப் படையணி முழுவதும் இசைக்குழுவுடன் அணிவகுத்து வரும். அதே நாட் காலையில் அக்ரோப்பொலிஸ் குன்றின்மேல் எவ்சோன்களே கொடியேற்றுவர்.

அவர்கள் காக்கும் நினைவிடம் 1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. போரிலே மாண்டவரின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டு செல்லும்போது, உடல் கிடைக்காத வீரருக்கென ஒரு பாடையை வெறுமையாகவே சுமந்து செல்வது பண்டை ஏதென்ஸ் நகரத்தாரின் வழக்கம் என வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியுள்ளார். அவர் நூலிலிருந்து எடுக்கப்பட்ட சொற்கள் அம்மதிலிற் பொறிக்கப்பட்டுள்ளன. அருகே கிரேக்கர் பொருத களங்களின் பெயர்கள் வரிசையாக உள. களங்களுக்குப் பெயருண்டு, கிடப்பவனுக்குப் பெயரில்லை. அவனைக் காப்பவனின் பெயரையும் காண வந்தவர் கேட்பதில்லை.

ஓர் உடைக்கு மதிப்பு எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு இவ்வரலாறே விடை கூறுகின்றது. கள்வர் அணிந்த உடையை விடுதலை வீரர் உயர்த்தினர். மன்னர் அதனை அணிகலனாக்கினர். துரோகிகள் அதனை மாசுபடுத்தினர். அதனை ஒளித்து வைத்துவிடாமல், மீண்டும் துவைத்து மடிப்பிட்டு, பெயரற்ற ஒருவனின் பக்கத்திலே நிறுத்திய கிரேக்க மக்களின் துணிவு பாராட்டுக்குரியது. உடை தானாக எவரையும் வீரராக்குவதில்லை என்பதை அம்மக்கள் தம் சொந்த அனுபவத்திலே கண்டனர். அதனாற்போலும், அதனை அணிந்த இளைஞனிடம் அவர்கள் இன்று வேண்டுவது ஒன்றேயொன்று: ஒரு மணி நேரம், தன்னை மறந்து, இன்னொருவனுக்காக அசையாது நிற்றல்.